சான்று தேவை

விக்கிப்பீடியாவில் இருந்த ஒரு வரியை நாங்கள் எடுத்துவிட்டோம். அதற்காக ஒரு மனிதர் எங்களோடு ஐந்து மாதங்கள் கதைக்கவில்லை.

வரி இதுதான்: யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரேயொரு பிரதியும் அந்தத் தீயில் அழிந்துபோனது. எந்தத் தீ என்று இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1981. யாழ்ப்பாணப் பொது நூலகம். இந்த வரியை நினைவு மலர்களிலும் மேடைப் பேச்சுக்களிலும் இணையத்திலும் நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் கண்டோம். பல வருடங்களாக நம்பியும் இருந்தோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். இரண்டு பேர் ஒஸ்லோவில் ஒரே ரெஸ்ரோரண்டின் குசினியில் வேலை. மூன்றாமவர் எங்களில் ஒருவரின் மனைவி, வயோதிபர் இல்லமொன்றில் வேலை. மூவருக்கும் முப்பது சொச்சம் வயது. மூவரும் பல்கலைக்கழகத்துக்குள் போய், முடிக்காமல் வெளியே வந்தவர்கள். அடிக்குறிப்பு எப்படிப் போடுவது என்று படித்தோம். போட்ட அடிக்குறிப்பை ஒருவரிடமும் சமர்ப்பிக்கக் கிடைக்கவில்லை. குசினியில் அடுப்பை உரஞ்சி, பொரித்த எண்ணெயை வடித்து, நிலத்தைக் கழுவிவிட்டு வெளிக்கிட நடுச்சாமமாகிவிடும். கடைசி ரெயினைப் பிடித்து நகரத்தின் கிழக்குப் பக்கமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தால் உடனே நித்திரை வராது. உடம்பு அலுத்திருக்கும், தலை முழித்திருக்கும். மற்ற ஆட்கள் அந்த நேரத்தில் படம் பார்ப்பார்கள். நாங்கள் தேத்தண்ணி போட்டுக்கொண்டு பிழை பார்ப்போம்.

இதற்கு ஒருவரும் சம்பளம் தருவதில்லை. ஒருவரும் எங்களை நியமிக்கவும் இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் அன்றன்று யார் எதை மாற்றினார்கள் என்று காட்டும் பட்டியல் ஒன்று உண்டு. அதைத் திறந்து மேலிருந்து கீழே போகவேண்டும். யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தன் பெயரைத் தன் ஊரின் ‘புகழ்பெற்றோர்’ வரிசையில் சேர்த்திருக்கும். யாரோ ஒருவர் ஒரு நடிகரின் பிறந்த வருடத்தை ஐந்து வருடம் பின்னுக்குத் தள்ளியிருப்பார். கோயில்களின் வயதுதான் பெரிய பிரச்சினை. போன வருடம் ஆயிரம் வருடப் பழமையுடையதாக இருந்த கோயில் இந்த வருடம் மூவாயிரம் வருடப் பழமை பெற்றிருக்கும். திருத்துவோம். அடுத்த திருவிழாவுக்கு முன் அது திரும்பவும் மூவாயிரம் ஆகும். நிச்சயமாகத் தெரியாத இடத்தில் ‘சான்று தேவை’ என்ற இரண்டு சொல்லைப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்வோம். இந்த வேலையின் முக்கால்வாசி அந்த இரண்டு சொல்தான்.

களஞ்சியம் தொகுப்பது எங்கள் ஊருக்குப் புதிய வேலை அல்ல. தமிழின் முதல் கலைக்களஞ்சியம் என்று சொல்லப்படும் ‘அபிதான கோச’த்தை 1902இல் வெளியிட்டவர் மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ அதற்குப் பிறகு, 1910இல் வந்தது. பெரியசாமித் தூரன் முன்னின்று செய்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் 1954இலிருந்து 1968வரை. 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளம் போட்டவரும் யாழ்ப்பாணத்தவர்தான், அபுதாபியில் வேலை செய்துகொண்டிருந்த கட்டடக் கலைஞர் மயூரநாதன். ஊரை விட்டுப் போனவர்கள் களஞ்சியம் தொகுப்பதில் ஏதோ ஒரு பொருத்தம் இருக்கிறது. கையில் ஒன்றும் எடுத்துக்கொண்டு வராதவன்தான் பட்டியல் எழுதத் தொடங்குவான்.

நாங்கள் வாழும் இந்த நாட்டில் இதே வேலைக்கு வேறொரு வழி கண்டிருக்கிறார்கள். ‘ஸ்தூரெ நொர்ஸ்கெ லெக்சிகொன்’ என்ற பெரிய நோர்வேஜியக் கலைக்களஞ்சியத்தின் முதற்பதிப்பு 1978இல் வரத் தொடங்கி 1981இல் நிறைவெய்தியது. (எங்கள் நூலகம் எரிந்த அதே வருடம். இதில் ஒரு பொருளும் இல்லை. வருடங்களையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு வருகிற வியாதி இது.) 2009இல் அதை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். காசு வரவில்லை. அடுத்த வருடமே பதிப்பகம் கையை விரித்தது. இரண்டு அறக்கட்டளைகள் தாங்கிப் பிடித்தன. 2014இலிருந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்த சங்கமொன்று அதை நடத்துகிறது. யாரும் திருத்தம் சொல்லலாம், ஆனால் அந்தத் துறைக்குப் பொறுப்பான நிபுணர் பார்த்த பிறகுதான் அது ஏறும். அவருடைய பெயர் கட்டுரையோடு இருக்கும். பிழை என்றால் போய்க் கேட்க ஒரு ஆள் உண்டு.

அதைவிடப் பெரியது தேசிய நூலகத்தின் வேலை. ஒஸ்லோவில் சொல்லி பிளாஸில் இருக்கும் அந்த நூலகம் 2006இலிருந்து தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் படம்பிடித்துக் கணினியில் ஏற்றி வருகிறது. 2000ஆம் ஆண்டுவரை வெளியான நோர்வேஜியப் புத்தகங்களில் பெரும்பாலானவற்றை இந்த நாட்டுக்குள் யாரும் வீட்டிலிருந்தே வாசிக்கலாம். தன் பூட்டனார் பக்கத்துக் காணிக்காரனோடு வேலிக்குச் சண்டை பிடித்ததைக்கூட ஒரு நோர்வேஜியன் பழைய உள்ளூர்ப் பத்திரிகையில் தேடிக் கண்டுபிடிக்கக் கூடும். எங்களோடு வேலை செய்யும் மாணவப் பெடியன் ஒருவன் பள்ளிக்கூடத்தில் விக்கிப்பீடியாவைச் சான்றாகக் காட்டக்கூடாது என்று சொல்லித் தந்தார்கள் என்றான். சரிதான். அவனுக்குக் காட்ட வேறு இடம் இருக்கிறது.

2005இல் ‘நேச்சர்’ சஞ்சிகை 42 அறிவியற் கட்டுரைகளை எடுத்து ஒப்பிட்டது. சராசரியாக விக்கிப்பீடியாக் கட்டுரையில் நாலு பிழை, பிரிட்டானிக்காவில் மூன்று. பிரிட்டானிக்கா அந்தக் கணக்கை ஏற்கவில்லை, அது அவர்கள் பாடு. ஆனால் அது ஆங்கில விக்கிப்பீடியா. ஆயிரம் கண்கள் பார்க்கிற இடம். கண்கள் குறைந்த மொழிகளின் கதை வேறு. 2020இல் வெளிவந்த ஸ்கொட்ஸ் மொழி விக்கிப்பீடியாவின் சங்கதியை நீங்கள் வாசித்திருக்கலாம். அந்த மொழி தெரியாத அமெரிக்கப் பெடியன் ஒருவன், சின்ன வயதிலேயே தொடங்கி, ஆங்கிலத்தை அங்கேயும் இங்கேயும் உடைத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஏற்றியிருந்தான். கெட்ட எண்ணமும் இல்லை. வருடக்கணக்கில் யாரும் நிறுத்தவில்லை. தமிழுக்கும் 2009 அளவில் அப்படியொரு வெள்ளம் வந்தது. கூகிள் காசு கொடுத்து ஆட்களை வைத்து, ஆங்கிலக் கட்டுரைகளை இயந்திர உதவியோடு மொழிபெயர்த்துத் தமிழ் விக்கிப்பீடியாவில் கொட்டியது. வாசிக்க முடியாத வாக்கியங்கள். தமிழ் விக்கிப்பீடியர்கள் சும்மா இருக்கவில்லை. 2010இல் போலந்தின் குடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் இரவிசங்கர் இதன் குறைகளை எடுத்து வைத்தார். சம்பளமில்லாதவர்கள் சம்பளம் வாங்கியவர்களின் வேலையைத் திருத்தினார்கள். இப்போது இயந்திரம் எழுதுகிற தமிழ் முந்தியதைவிட வழுவழுப்பாக இருக்கிறது. பிழையைக் கண்டுபிடிப்பது அதனால் கஷ்டமாகியிருக்கிறது.

ஆனால் கோயிலின் வயதும் இயந்திரத் தமிழும் எங்கள் நித்திரையைக் கெடுக்கவில்லை. கெடுத்தது அந்த ஒரு வரி.

யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதியது. அதை 1879இலேயே சி. பிரிற்றோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிட்டுவிட்டார். பிறகு தமிழ் மூலமும் அச்சேறியது. முதலியார் குல. சபாநாதன் பதிப்பித்த புத்தகம் எத்தனையோ வீடுகளில் இருந்தது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத் தளத்தில் இன்றைக்கும் திறந்து வாசிக்கலாம். எரிந்தது ஒரு ஏட்டுப் பிரதியாக இருக்கலாம். அப்படியென்றால் ‘ஏட்டுப் பிரதி’ என்று எழுதவேண்டும், அதற்கு யாராவது எங்காவது எழுதி வைத்திருக்கவேண்டும். ‘ஒரேயொரு பிரதி’ என்பது பிழை. ஒரு பின்னேரம் முழுக்கத் தேடிவிட்டு வரியை எடுத்தோம். ஏன் எடுத்தோம் என்பதை உரையாடற் பக்கத்தில் நாலு வரியில் எழுதினோம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணை வந்தார். அவரை நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிடுகிறோம், எங்கள் அப்பாமாரின் வயது. எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் கை விறைக்க நின்று, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கியவர். முதல் முதலாகச் சம்பளம் பிந்தியபோது எங்களுக்கு வாடகை கட்டியவரும் அவர்தான். போனைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

“அந்த வரியை ஆர் எடுத்தது?”

“நாங்கள்தான் அண்ணை.”

“ஏன்?”

“புத்தகம் அச்சில இருக்குது அண்ணை. ஒரேயொரு பிரதி எண்டது சரியில்லை.”

“அப்ப ஒண்டும் எரியேல்லையோ?”

“அப்பிடிச் சொல்லேல்லை. அந்த ஒரு வரி மட்டும்...”

“தம்பி, நான் விடிய சைக்கிள்ல போய்ப் பாத்தனான். சுவர் சுட்டுக்கொண்டிருந்தது. கடதாசிச் சாம்பல் றோட்டுவழிய பறந்தது. அந்த அலுமாரியளுக்கு முன்னால நிண்டு நான் ஏட்டைக் கண்ணாடிக்குள்ளால பாத்தனான். நீங்கள் அப்ப பிறக்கவுமில்லை. என்னட்டச் சான்று கேக்கிறியள்.”

தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது உண்மை. நாங்கள் பிறக்க முன்னர் நடந்தது. எங்களுக்குத் தெரிந்த யாழ்ப்பாண நூலகம் திருத்திக் கட்டித் திரும்பவும் திறந்த வெள்ளைக் கட்டடம். நாங்கள் அங்கே மின்விசிறிக்குக் கீழே இருந்து சோதனைக்குப் படித்தவர்கள். எங்களுக்கு அது சாம்பல் மணக்கவில்லை.

அன்றிரவு மூவரும் அதிகம் கதைக்கவில்லை. ஆளாளுக்கு வேறொரு அறை நினைவுக்கு வந்திருக்கவேண்டும். அகதி விசாரணை நடந்த அறை. மேசை, தண்ணீர்ப் போத்தல், மொழிபெயர்ப்பாளர், தட்டச்சுச் செய்யும் சத்தம். என்ன நடந்தது என்று கேட்பார்கள். பிறகு எப்போது என்று கேட்பார்கள். எங்களில் ஒருவர் முதல் விசாரணையில் ஒரு திகதி சொன்னார். மாதங்கள் கழிந்து இரண்டாம் விசாரணையில் இன்னொரு திகதி சொன்னார். இரண்டு நாள்தான் வித்தியாசம். ஷெல் விழுந்துகொண்டிருந்த இடத்தில் கலண்டர் யார் பார்த்தது? அந்த இரண்டு நாள் இடைவெளிக்குள் அவருடைய முழுக் கதையும் விழுந்துவிடப் பார்த்தது. ‘உமது கூற்றை உறுதிப்படுத்த ஏதாவது உண்டா?’ என்ற கேள்வியை நாங்கள் மறக்கமாட்டோம். இப்போது அண்ணைக்கு முன்னால் மேசையின் மற்றப் பக்கத்தில் நாங்கள் இருந்திருக்கிறோம். அதே கேள்வியை அவருக்கு விளங்கிய தமிழில் கேட்டிருக்கிறோம்.

ஆனால் அதே அறை எங்களுக்கு இன்னொன்றையும் காட்டியது. முகாமில் எங்களோடு ஒரு பெடியன் இருந்தான். முதுகில் அடையாளங்கள் இருந்தன. அவனுக்கு நடந்தது போதும், எந்த மனிதனுக்கும் அது போதும். யாரோ ஒரு விபரம் தெரிந்தவர், ‘கொஞ்சம் கூட்டிச் சொல்லு, அப்பதான் எடுப்பாங்கள்’ என்று புத்தி சொன்னார். அவன் ஒரு சம்பவத்தைக் கூட்டினான். அது பிழையென்று கண்டுபிடித்துவிட்டார்கள். கூட்டியதை மட்டும் எறியவில்லை, முதுகையும் சேர்த்து எறிந்தார்கள். ‘பொதுவான நம்பகத்தன்மை இல்லை’ என்று எழுதிய கடிதத்தை அவனுக்கு நாங்கள்தான் வாசித்துக் காட்டினோம்.

விக்கிப்பீடியாவிலும் இதே விசாரணை ஓய்வில்லாமல் நடக்கிறது. தமிழ்ப் பக்கத்தில் நாங்கள் எங்களுக்குள் கதைக்கிறோம். ஆங்கிலப் பக்கத்தில் மற்றவர்களும் இருக்கிறார்கள். ‘பொலிசார்’ என்ற சொல் ஒரு நாள் ‘அடையாளம் தெரியாதோர்’ ஆகிவிடும். ‘எரிக்கப்பட்டது’ என்பது ‘எரிந்தது’ ஆகும். தமிழில் அது சில எழுத்து வித்தியாசம்தான், ஆனால் எரித்தவன் அந்த எழுத்துக்களுக்குள்ளால் தப்பிப் போய்விடுவான். ஒருமுறை ஒருவர் மிக மரியாதையாக எழுதினார்: ஒரேயொரு பிரதி என்று நீங்கள் சொன்ன நூல் கடையில் விற்கிறது, அப்படியென்றால் தொண்ணூற்றேழாயிரம் என்ற எண்ணிக்கையை நாங்கள் ஏன் நம்பவேண்டும்? மரியாதையாக எழுதுகிறவர்களுக்குத்தான் நாங்கள் பயப்படுகிறோம். அன்றைக்கு அந்தக் கேள்விக்கு எங்களிடம் நேரான பதில் இருக்கவில்லை. அந்த வரியை எடுத்ததற்கு உண்மையான காரணம் அதுதான். அண்ணைக்கு அதைச் சொல்ல அவர் நிற்கவில்லை.

அந்த வரி போனால் என்ன குறைகிறது? 1981 மே 31, ஞாயிற்றுக்கிழமை, தமிழர் விடுதலைக் கூட்டணியின் தேர்தல் கூட்டமொன்றில் பொலிசார் சுடப்பட்டார்கள், இருவர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பொலிசார் நகரத்துக்குள் இறங்கினார்கள். கூட்டணியின் அலுவலகம், யாழ்ப்பாணம் நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடு, பூபாலசிங்கம் புத்தகசாலை, ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகம், நூலகம். யூன் 4ஆம் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடக்க இருந்தது. சிறில் மத்தியூ, காமினி திசாநாயக்க என்ற இரண்டு அமைச்சர்கள் அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தார்கள். 2016இல் பிரதமராக இருந்த ரணில் விக்கிரமசிங்க நாடாளுமன்றத்தில் நூலக எரிப்புக்கு மன்னிப்புக் கேட்டார். 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கி வைத்த சிறு வாசகசாலையிலிருந்து வளர்ந்து, 1959இல் பெரிய கட்டடத்துக்குள் போன நூலகம். இவற்றில் ஒன்றுக்குப் பக்கத்திலும் ‘சான்று தேவை’ என்று ஒருவரும் வைக்கமுடியாது. வைத்துப் பார்த்தார்கள். நின்றுவிட்டது.

நிற்காத இடங்களும் உண்டு. புத்தகங்கள் 95,000 என்று சிலர், 97,000 என்று பலர். மேடையில் ஏறினால் ஒரு லட்சம். மே 31 இரவு எரிந்தது என்று சிலர், யூன் 1 இரவு என்று வேறு சிலர். இந்த வித்தியாசத்தைக் கண்டு முதலில் எங்களுக்கும் வெட்கமாக இருந்தது. பிறகு யோசித்தோம். எரிப்பு ஒரு இரவோடு முடியவில்லை. கடைகள் ஒரு இரவு, வேறு இடங்கள் இன்னொரு இரவு என்று நாட்கணக்கில் போயிருக்கிறது. ஊரடங்குக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த சனத்துக்கு எல்லா இரவும் ஒரே வெளிச்சம். அடுத்தநாள் காலையில் நடந்ததை எழுதவேண்டிய ஊர்ப் பத்திரிகையோ அதே கூட்டத்தால் எரிக்கப்பட்டுவிட்டது. நோர்வேஜியன் பழைய பத்திரிகையைத் திறந்து பார்க்கலாம். எங்களுக்கு அந்தப் பக்கம் அச்சாகவே இல்லை. ஆகவே இரண்டு எண்ணையும் இரண்டு திகதியையும், யார் யார் சொன்னது என்ற விபரத்தோடு எழுதி வைத்தோம். வீரமான வாக்கியம் இல்லை அது. எங்களோடு வேலை செய்யும் நண்பர் வாசித்துவிட்டு, ‘கணக்காளர் எழுதின மாதிரிக் கிடக்கு’ என்றார்.

அண்ணை கண்ணால் கண்டதை ஏன் எழுத முடியாது? விக்கிப்பீடியாவின் சட்டம் அது. அச்சிலோ வேறெங்கோ வெளிவராததை அங்கே முதன்முதலாகச் சொல்லக்கூடாது. உண்மையாக இருந்தாலும் கூடாது. இந்தச் சட்டம் அச்சகம் வைத்திருந்தவர்களுக்கு வசதியானது. 2011இல் இந்தியாவில் அச்சல் பிரபாலாவும் வேறு சிலரும் இதைக் கேள்வி கேட்டார்கள். மலையாளத்திலும் இந்தியிலும் தென்னாபிரிக்காவின் வட சோத்தோ மொழியிலும், ஊராக்களின் வாய்மொழியை ஒலிப்பதிவு செய்து அதையே சான்றாகக் காட்டலாமா என்று செய்து பார்த்தார்கள். விவாதம் நடந்தது. சட்டம் மாறவில்லை. எங்களுக்கு இரண்டு மனம். அண்ணையின் வாய்மொழியை ஏற்றால், பொய்யைக் கண்ணால் கண்டவனின் வாய்மொழியையும் ஏற்கவேண்டி வரும். அவர்களிடமும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது.

ஆனால் அச்சில் இல்லாததை அச்சுக்குக் கொண்டுவரலாம். அதற்குத் தடை இல்லை. இங்கிலாந்தில் இருந்துகொண்டு என். செல்வராஜா செய்துவரும் ‘நூல்தேட்ட’த்தைப் பாருங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஆயிரம் ஈழத்துப் புத்தகங்களின் விபரம்: எழுதியவர், அச்சகம், வருடம், பக்கம், அளவு. யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றிய கட்டுரைகளையும் 2001இல் அவரே தொகுத்து வெளியிட்டார். எங்களுடைய அடிக்குறிப்புகளில் பாதி இப்படியானவர்களின் முதுகில்தான் ஏறி நிற்கின்றன. சந்தா கட்டாமல் சஞ்சிகை வாசிக்கிற நாங்கள் இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சப்படவேண்டும்.

ஐந்தாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. குசினியில் சரியான நெருக்கடி, மேசை எல்லாம் நிரம்பி ஓடர் தாள்கள் வரிசையாகத் தொங்குகின்றன. போன் அடித்தது. அண்ணை.

“நீங்கள் எழுதியிருக்கிறதில பிழை இருக்கு.”

கோப்பை கழுவும் இயந்திரத்தின் சத்தத்தில் முதலில் விளங்கவில்லை. பின் கதவால் வெளியே போய்ப் பனிக்குள் நின்று கேட்டோம்.

“மே 31 கூட்டம் முற்றவெளியில எண்டு எழுதியிருக்கிறியள். அது முற்றவெளியில்லை. நாச்சிமார் கோயிலடி. முற்றவெளி எழுபத்திநாலு, தமிழாராய்ச்சி மகாநாடு. இரண்டையும் ஒண்டாக்கிப்போட்டியள்.”

உண்மைதான். எழுதியது நாங்கள். 1974 ஜனவரி 10ஆம் திகதியின் சாவுகளையும் 1981இன் சூட்டையும் நாங்கள் பிறக்க முன்னர் நடந்த ஒரே இருட்டுக்குள் போட்டு வைத்திருந்தோம், இடம் மாறிப்போனது. நாலு மாதமாக அந்தப் பிழை அங்கே இருந்திருக்கிறது. எத்தனை பேர் பார்த்தெழுதியிருப்பார்களோ. அன்றிரவு வந்ததும் புத்தகத்தில் பார்த்தோம். அண்ணை சொன்னது சரி. திருத்தி, பக்க எண்ணைப் போட்டு, அவருக்குச் செய்தி அனுப்பினோம். இரவு இரண்டு மணிக்கும் முழித்திருந்தார்.

“திருத்தினது ஆரெண்டு அதில வருமோ?” என்று கேட்டு எழுதினார்.

“வராது அண்ணை. எங்கட பேரும் வராது.”

“நல்லது. வைபவமாலை வரியைத் திருப்பிப் போடச் சொல்லிக் கேக்கேல்லை. ஆனா அந்த ஏடு ஏதோ ஒரு ஏடு. கண்ணாடிக்குள்ள கிடந்தது. அது என்ன ஏடெண்டு எனக்குத் தெரியவேணும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது போனை மேசையில் வைத்து ஒலிப்பதிவு செய்தோம். இரண்டு மணித்தியாலமும் பத்து நிமிடமும். சைக்கிளை எந்த வேலியில் சாத்தினார், வாசலில் யார் யார் நின்றார்கள், மணம் எப்படி இருந்தது, எல்லாம் சொன்னார். எந்த இரவு என்று கேட்டோம். சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திவிட்டார். விரலில் எண்ணிப் பார்த்தார். ஞாயிறு கூட்டம், திங்கள் என்று தொடங்கித் திரும்பவும் எண்ணினார். பிறகு, “ஒரு இரவெண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்” என்றார்.

ஒலிப்பதிவை எழுத்தாக்கி, ஏதாவது சஞ்சிகையில் அவருடைய பெயரிலேயே வெளியிடவேண்டும் என்று இருக்கிறோம். ஏட்டைப் பற்றி அந்தக் காலத்தில் அங்கே வேலை செய்தவர்கள் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று ‘நூலகம்’ தளத்தில் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதுவரை பதினொரு நிமிடம்தான் எழுத்தாக்கி முடிந்திருக்கிறது. போன கிழமை குசினியில் ஒரு ஆள் குறைவு.